பச்சை மரத்தடியில் இறக்காத டோலி

ஒரே ஒரு மலையில ஒரே ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒரே ஒரு ஒத்தையடிப் பாதை. ம் கொட்டு. கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஊர்ல இருளாயின்னு ஒருத்தி. தேனும் கடுக்காயும் பலாப்பழமும் சுமந்துக்கிட்டு சந்தைக்குப் போவா. அவகிட்ட பேரம் பேசினவன் எவனும் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனதில்ல. கோவம் மூக்கு நுனியில நிக்கும். ஆனா அன்னிக்கு அவ சந்தைக்குப் போகல. ஏன்னா, அவ மக செவந்திக்கு மாசம் நிறையிறதுக்கு முன்னாடியே வலி எடுத்துருச்சு.

வலி எடுத்தா டோலி கட்டுவாங்க. மூங்கில் கம்புல போர்வையைத் தொட்டில் மாதிரி கட்டி, ஆளைப் படுக்கவச்சு, முன்னாடியும் பின்னாடியும் ஆம்பளைங்க தோள் குடுத்து அடிவாரத்துக்கு இறக்குவாங்க. அங்க ஜீப்பு நிக்கும். ஆனா இந்தத் தடவை பாதையே இல்ல. காட்டுத்தீ வந்து அப்பதான் அடங்கியிருந்துச்சு. சரிவு முழுக்கக் கரி. விழுந்த மரமெல்லாம் பாதையில கெடக்கு. விழாத மரம் அதைவிட மோசம். நல்லா நிக்கிற மாதிரிதான் தெரியும், அடிமரம் வெந்து போயிருக்கும். ஒரு காத்து அடிச்சாப் போதும், மடமடமட... டமால்!

"ம்..."

போர்வைக்குள்ள வா. இங்க காத்து இல்ல.

அப்போ மருமகன் மொக்கராசு சொன்னான், "அத்தை, வனத்துறை ஆளுக வந்து மரத்தை வெட்டினப்புறம்தான் இறங்கணும்னு சொல்லியிருக்காங்க."

"அவுக வர்ற வரைக்கும் பொறுன்னு பிள்ளைகிட்ட நீங்களே சொல்லுங்க மாப்ள. உங்க பிள்ளைதான, கேக்கும்."

அவன் டோலிக் கம்பைத் தூக்கினான்.

அப்புறம் இருளாயி நீளமா ஒரு மூங்கிலை எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்தா. கூட, கோடாலியோட பூசாரி சடையன். டோலி ரொம்பப் பின்னாடி. "நான் கையைத் தூக்கினா வாங்க. தூக்கலைன்னா, அவ என்ன கத்தினாலும் வராதீங்க"ன்னு சொல்லிட்டா.

கொஞ்ச தூரத்துல ஒரு மரம் குறுக்க கெடந்துச்சு. கிளையைக் கழிச்சு, நெம்பி, கடகடன்னு பள்ளத்துல உருட்டிவிட்டாங்க. அதுக்கு அந்தப் பக்கம் சாம்பல், சலிச்ச மாவு மாதிரி மெத்துனு கெடக்கு. சடையன் காலைத் தூக்கினாரு.

"நில்லுங்க மாமா!"

மூங்கிலால குத்தினா. பொசுக்! பாதி மூங்கில் உள்ள போயிருச்சு. கீழ வேரு முழுக்க எரிஞ்சு, வெறும் குழி. குப்புனு புகை. கால் வச்சிருந்தா இடுப்பு வரைக்கும் தணலு. கல்லை அள்ளிப் போட்டு மூடி, மிதிச்சுப் பாத்து, கையைத் தூக்கினா. டோலி வந்துச்சு.

அப்புறம் ஒரு வேங்கை மரம். கரிக்கட்டையா, பாதைக்கு மேல சாய்ஞ்சு நிக்குது. அந்த ஊர்ல ஒரு வழக்கம், மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி கோடாலியோட பின்பக்கத்தால தட்டி, "உள்ள குடியிருக்கிறவுக எல்லாம் வேற இடம் பாத்துக்கங்க"ன்னு சொல்லணும். சொல்லிட்டு ஒரு வெத்தலை மெல்லுற நேரம் நிக்கணும். சடையன் தட்டினாரு. டொங்... டொங்... உள்ள வெறும் கூடு. வெத்தலையை எடுத்தாரு, காம்பைக் கிள்ளினாரு, சுண்ணாம்பைத் தடவினாரு.

"மாமா, சீக்கிரம் மெல்லுங்க!"

"அவசரமா மென்னா நாக்கு வெந்துரும்டி."

பின்னாலேருந்து "அம்மா..."ன்னு செவந்தி முனகுறது கேட்டுச்சு. இருளாயி பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் வெட்டினாங்க. கிரீச்... மடமடமட... மரம் பள்ளத்துப் பக்கம் போச்சு. கையைத் தூக்கினா.

தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

அடுத்த திருப்பத்துல பாத்தா, கரிக்காட்டுக்கு நடுவுல ஒரே ஒரு நாவல் மரம், பச்சைப் பசேல்னு! அது ஊரே கும்பிடுற காட்டாத்தா மரம். அதுல கோடாலி படக்கூடாது. அந்த வழியா போற எந்த டோலியையும் அதுக்கு அடியில இறக்கி, வேர்மண்ணு எடுத்து நோயாளி நெத்தியில பூசிட்டுத்தான் தூக்கணும். "பாத்தியா, ஆத்தாளை நெருப்பு தொடல!"ன்னு சடையன் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. ஆளுங்களுக்கும் சந்தோசம். கையைத் தூக்குறதுக்கு முன்னாடியே டோலி கிட்ட வந்துருச்சு.

இருளாயி குனிஞ்சு மண்ணை அள்ளினா.

சுரீர்!

கையை உதறினா. மண்ணு கொதிக்குது. மரத்துல காதை வச்சா. உள்ள சடசட... சடசட... வேர் வழியா நெருப்பு ஊர்ந்து வந்து அடிமரத்தைத் தின்னுக்கிட்டு இருக்கு. மேல பச்சை, கீழ தணல்.

"இறக்காதீங்க! மேட்டுப் பக்கமா சுத்திப் போங்க!"

"இறக்காம ஆத்தாளைத் தாண்டினா பிள்ளை தங்காது, இருளாயி"ன்னாரு சடையன். தூக்கினவுக அப்படியே நின்னுட்டாங்க. மொக்கராசு மொகமும் வெளிறிப் போச்சு. "ஒரு நிமிசம் இறக்கிட்டுத் தூக்கிருவோமே, அத்தை?"

உஸ்ஸ்ஸ்னு காத்து வந்துச்சு. மரம் லேசா அசைஞ்சு, மேலேருந்து ஒரு சுள்ளி விழுந்துச்சு. சடக்.

அப்போ இருளாயி முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு மரத்தை நிமிந்து பாத்தா.

"ஆத்தா! நீயும் பொம்பள, நானும் பொம்பள. சுத்தி வளைக்காம பேசுவோம். உன் மடி எரியுது, அதுல பிள்ளைத்தாச்சியை இறக்க முடியாது. அவளுக்குப் பதிலா நான் உக்காருறேன். டோலி அந்த வளைவைத் தாண்டி, அவுக குரல் குடுக்கிற வரைக்கும். அதுக்கு மேல ஒரு மூச்சு நேரம்கூடத் தரமாட்டேன். இஷ்டம்னா சொல்லு."

ஆத்தா ஒண்ணும் சொல்லல. பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கிட்டு இருளாயி பொத்துனு உக்காந்துட்டா. சடையன் தரையைப் பாத்துக்கிட்டே, "சரி, போங்கப்பா"ன்னாரு.

"அம்மா, நீ வரலியா?"

"பின்னாடியே வரேன். நீ மூச்சைப் பிடிச்சுக்க."

டோலி மேட்டுல ஏறிச் சுத்திப் போச்சு. சரக்... சரக்... கரியில காலடிச் சத்தம் குறைஞ்சுக்கிட்டே போகுது. சீலைக்குள்ள சூடு ஏறுது. முதுகுக்குப் பின்னாடி சடசட. பாதி எந்திரிச்சா. மக மொகம் நெனப்புல வந்துச்சு. திரும்ப உக்காந்தா.

தள்ளி நின்ன சடையன் கத்தினாரு, "போதும் எந்திரி! ஆத்தா பொறுத்துக்குவா!"

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, யோவ்!"

அவளுக்கு வந்த கோவத்துல பயம் கொஞ்சம் கொறைஞ்சுச்சு. கிர்ர்ர்... மரம் முனகுது. குரல் வரல. கிர்ர்ர்... இன்னும் வரல.

"ம்... ம்..."

அப்போ வளைவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து, "கூஊஊஊ!"

எந்திரிச்சு ஓடினா பாரு ஒரு ஓட்டம்! சடையன் மேலயே போய் விழுந்தா. மடமடமடமட... டமால்! மரம் பாதையில படுத்துருச்சு. மேட்டுல நின்ன கரிமரங்களையும் சேத்து இழுத்துக்கிட்டு விழுந்துச்சு. சுத்திப் போகவும் வழியில்ல. மக அந்தப் பக்கம், பெத்தவ இந்தப் பக்கம்.

இருளாயி கோடாலியைப் பிடுங்கினா. ஆனா கை ஓங்கல, ஆத்தா மரமாச்சே. சடையன் அதை வாங்கி, "தாயே, வழி விடு"ன்னு மொத வெட்டைத் தானே வெட்டினாரு. அப்புறம் மாத்தி மாத்தி வெட்டினாங்க. டொக். டொக். பிள்ளை பொழச்சுதா, மக பொழச்சாளா, யாரைக் கேக்கிறது? டொக். டொக். வெயில் சாய்ஞ்சு போச்சு.

அப்போ அந்தப் பக்கத்துலேருந்து ஒரு டொக்.

இருளாயி நிறுத்தினா. எலைக்குவியலுக்கு அங்கிட்டு ஆள் தெரியல.

"நான்தான், அத்தை!"

"செவந்தி?"

"நல்லா இருக்கா!"

"பிள்ளை?"

"ஜீப்புக்குள்ளயே பொறந்துருச்சு! பொம்பளப் பிள்ளை. கையளவுதான் இருக்கு, நர்சம்மா துணியில சுத்தி நெஞ்சோட வச்சிருக்காங்க. என்னமா கத்துது, அப்படியே உங்களை மாதிரி!"

"யாரை மாதிரி?"

"நல்லா அழுகுதுன்னு சொன்னேன், அத்தை."

இருளாயி மூஞ்சியைச் சீலையில துடைச்சா. கரி கன்னமெல்லாம் அப்பிக்கிச்சு. "பேசினது போதும், வெட்டுங்க மாப்ள"ன்னா. இந்தப் பக்கம் டொக், அந்தப் பக்கம் டொக். டொக்... டொக்...

"..."

வெட்டி முடிச்சாங்க, வழி விட்டுச்சு, பாட்டி பேத்தியைப் பாக்கப் போயிட்டா. கதையும் அவகூடவே மலை எறங்கிருச்சு. நீ தூங்கு.