இலைக்குச் சொன்ன பெயர்

தளவாய் கூடையைக் கவிழ்த்தார். ஓர் இலைகூட விழவில்லை.

"திருடியதை எங்கே ஒளித்தாய்?"

"இன்னும் பறிக்கவே இல்லையே, ஐயா" என்றாள் வேடிச்சி. "செடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆட்கள் இழுத்துவந்துவிட்டார்கள்."

கோடைக்குறிச்சியை ஒரு ராஜா ஆண்ட காலம் அது. ராஜாவுக்கு இருமல் வந்ததும், மலையில் விளையும் தூதுவளை முழுக்க அரண்மனைக்குத்தான் என்று தளவாய் காவல் போட்டுவிட்டார். மீறிப் பறித்தால் கையை வெட்டுவார்கள். ஊரில் மற்றவர்கள் மருந்தில்லாமல் இருமினார்கள். வேடிச்சியின் புருஷனுக்குப் பேச்சு நின்றுபோய் இருமல் மட்டும் மிஞ்சியிருந்தது.

பறிக்காமல் செடியருகே என்ன செய்தாய் என்று சபையில் வீற்றிருந்த ராஜா கேட்டார். யாருக்கு நோயோ அவர் பெயரைச் செடியிடம் சொல்லிவிட்டுத்தான் பறிப்பது எங்கள் வழக்கம் என்றாள் அவள். தனக்குத் தானே கேட்கக் கூடாது. வேறு ஒருவர்தான் கேட்க வேண்டும். புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். அந்த வழியாக வருகிறவர் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள். காவலுக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை.

அப்படி என்ன பெயர் என்றார் தளவாய்.

"மாம்பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறியவர்."

"பிள்ளையாரா?"

"அவருக்குத்தான் மாம்பழம் கிடைத்துவிட்டதே, ஐயா. அவர் எதற்குக் கோபித்துக்கொள்கிறார்?"

ராஜா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அது அடங்கும்வரை சபையினர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானும் தினம் கஷாயம் குடிக்கிறேன். எனக்கு ஏன் நிற்கவில்லை?"

பெயர் சொல்லிப் பறித்தார்களா என்று அவள் கேட்டாள். தளவாய் முந்திக்கொண்டு, தானே நின்று சொன்னதாகச் சொல்லி, ராஜாதிராஜ என்று தொடங்கிப் பட்டங்களை எல்லாம் ஒப்பித்தார்.

"இருமுவது பட்டமா, ஐயா?" என்றாள் வேடிச்சி. "அம்மா கூப்பிட்ட பெயர் வேண்டும்."

தளவாய் மற்றவர்களைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் செத்துப்போயிருந்தார்கள். ராஜா மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

பிறகு மலைக்காவலை எடுக்கச் சொன்னார். வேடிச்சியின் கூடையைத் தூக்கிவரும்படி தளவாயிடம் சொன்னார்.

"உன் புருஷனுக்கு நான் கேட்கிறேன். எனக்கு நீ கேள்."

அரண்மனைக் குதிரை லாயத்து வேலியிலும் தூதுவளை படர்ந்திருந்தது. ராஜா குனிந்து, "பழனியாண்டிக்கு" என்றார். முள்ளுக்கு ஒதுங்கி ஒவ்வொரு இலையாகப் பறித்துத் தளவாய் நீட்டிய கூடையில் போட்டார். பிறகு வேடிச்சிக்கு மட்டும் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னார். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால் தாய் வைத்த பெயர் அது. சொல்லிவிட்டுத் தள்ளிப்போய்க் குதிரைகளைப் பார்த்து நின்றார்.

வேடிச்சி கொடியை ஒரு கையால் தாங்கிப் பிடித்தாள். சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்.

"பிச்சை."

"ம்" என்று ராஜா திரும்பினார்.