இருவாச்சி பொந்தை அடைத்த கதை

மிருகமும் பறவையும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மலைக்காட்டுக்கு ஒரு கிழட்டுக் காட்டெருமை மணியக்காரராக இருந்தார். எந்த மரம் யாருக்கு, எந்தச் சுனையில் யார் முதலில் குடிப்பது என்று தீர்த்துச் சொல்வது அவர் பொறுப்பு.

ஒரு கோடையில் பழம் குறைந்தது. பெரிய அத்திமரத்தில் ஒரே தள்ளுமுள்ளு. "வேலைக்குப் பட்டம் உள்ளவர்கள் கிளையில் உட்கார்ந்து தின்னலாம். மற்றவர்கள் கீழே விழுவதைப் பொறுக்கட்டும்" என்று மணியக்காரர் உத்தரவு போட்டார்.

மரங்கொத்திக்குத் தச்சர் பட்டம் கிடைத்தது. ஆந்தை, இராக்காவலர். செத்ததைத் தின்னும் கழுகுக்குக்கூடச் சுகாதார அதிகாரி என்று மரியாதையாக ஒன்று அமைந்தது. கொண்டையன் என்ற இருவாச்சிச் சேவல் பழம் தின்று காடெல்லாம் விதை போடுகிறவன். அவனை விதைப்பு மேஸ்திரி ஆக்கினார்கள்.

"உன் வீட்டுக்காரி வெள்ளாத்தா என்னப்பா வேலை பாக்குறா?" என்று கேட்டார் மணியக்காரர்.

"அவளா? சும்மா வீட்லதான் இருக்கா" என்றான் கொண்டையன். கிளையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

முட்டையிடும் நிலையில் இருந்த வெள்ளாத்தா அன்று பன்றிகளோடு பன்றியாகத் தரையில் பொறுக்கினாள். விடிந்ததும் பொந்துக்குள் போனாள். மண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து, உள்ளிருந்தே வாசலைப் பூசி அடைத்தாள். அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். பிறகு தன் இறகுகளைத் தானே பிடுங்கி அந்தக் கீறல் வழியே வெளியே தள்ளினாள்.

கொண்டையன் பதறிப்போனான். "அடிப்பாவி! இனி எப்படிப் பறப்பே?"

"நான் எதுக்குப் பறக்கணும்? நான்தான் சும்மா இருக்கறவளாச்சே. நீங்க கொண்டாங்க."

கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்துப் பழம் சுமந்தான். ஆறவில்லை.

"நீ என் வீட்டு மகாராணிடி" என்று கெஞ்சினான்.

"மகாராணியத்தான் பன்றி கூடப் பொறுக்க விட்டீங்களா?"

குஞ்சு பொரிந்ததும் பாடு இரட்டிப்பானது. ஒருநாள் வாய் நிறைய அத்திப்பழம் கொண்டுவந்தான். "பழம் போதும். சின்னவனுக்கு வயிறு சரியில்ல, ஓணான் கொண்டாங்க. பெரியவன் தின்னாச்சு. மேகம் கட்டுது, மழைக்கு முந்தி இன்னொரு நடை போயிட்டு வந்துருங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பறந்து போகும்போதுதான் கொண்டையனுக்கு உறைத்தது. நேராக மணியக்காரர் முன்னால் போய் இறங்கினான்.

"என்னப்பா மேஸ்திரி, பாதி ஆளாயிட்டே?"

"நான் சுமக்கிறவன், அவ்வளவுதாங்க. எது, எப்போ, யாருக்குன்னு தீர்த்துச் சொல்றது அவ. அந்த வேலைக்கு என்ன பேருங்க?"

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தினார். "அது என் பட்டமாச்சேடா."

"அதையே குடுத்துருங்க."

கொடுக்காமல் தப்ப வழியில்லை. கொண்டையன் வழியில் ஓர் ஓணானைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, காடே கேட்கும்படி, "மணியக்காரி!" என்று கூவினான். கீறலில் அலகு நீண்டு ஓணானை வாங்கிக்கொண்டது.

பட்டத்தை வாங்கிக்கொண்டாள். அவன் கூட்டத்தில் சிரித்ததை மறக்கவில்லை. மறக்கிற விஷயமும் இல்லை அது. இறகு மறுபடி முளைத்து, குஞ்சுகளும் பறக்கத் தயாரானதும் பூச்சை உடைத்து வெளியே வந்தவள், அடுத்த வருஷம் மறுபடி மண்ணைக் குழைத்தாள்.

இருவாச்சிப் பெட்டை வருஷம் தவறாமல் பொந்தை அடைத்து உள்ளே உட்காருவதும், சேவல் மலை அதிரக் கூவிக்கொண்டு இரை சுமப்பதும் அன்று தொடங்கியதுதான்.