மேட்டு வால்வு

வால்வுத் தண்டில் கசிவு நிற்கவில்லை. தமயந்தி இடுப்பளவு குழிக்குள் நின்றுகொண்டு, பழைய சணலைப் பிரித்துப் போட்டுவிட்டு, புதுச் சணலில் கிரீஸ் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் கருப்பு. தலைக்கு மேலே ஊர்த் தண்ணீர்த் தொட்டி. திறந்துவிடுகிற வேலை அவளுடையது. ஆறு தெரு, ஆறு வால்வு.

குழி ஓரத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. அவள் நிமிரவில்லை. செருப்பைப் பார்த்தே தெரியும், ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்து.

தலைவரான நாளிலிருந்து எது குழம்பினாலும் அவர் இங்கேதான் வருவார். எந்த வீட்டுக்கு எத்தனை குடம், எந்தத் தெருவில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் இவளுக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தலைவருக்கு வாத்தியார் வால்வு திறக்கிற பிள்ளைதான் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவர் அறுபதைத் தொட்டவர். அவளுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. அந்தக் கூச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சே வராது. வால்வைப் பார்த்துத்தான் பேசுவாள்.

“அம்மிணி, நாளைக்கு கிராம சபை.”

“ஆமாங்க.”

“மேல இருந்து வர்ற நிதி இந்த வருசம் பாதிதான் வந்திருக்கு. ஆறு தெருவும் கேக்குது. பேசாம ஆறாப் பங்கு போட்டுடலாம்னு இருக்கேன். ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது. நீ என்ன சொல்ற?”

“பங்கு போட்டா எங்க தெருவுக்கு என்னங்க வரும்?”

“இருவதடி சாக்கடை.”

“இருவதடி போயி எங்கீங்க முடியும்?”

தலைவர் மனசுக்குள் நடந்து பார்த்தார். “ராக்கியப்பன் வாசல்ல.”

“பாவமுங்க ராக்கியப்பண்ணன்.”

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“மேட்டுத் தெருவுக்குங்க?”

“பாலத்துல ரெண்டு தூண் நிறுத்தலாம்.”

மேட்டுத் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஓடை. அதன்மேல் இருந்த பாலம் போன ஐப்பசி மழையோடு போயிற்று. அந்தத் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர். பதினேழு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. அடுத்த மழைக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

“ரெண்டு தூண் மேல கொக்குதானுங்க நிக்கும்.” இதையும் அவள் வால்விடம்தான் சொன்னாள்.

“அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மேட்டுத் தெருவுல இருக்கறதே நாப்பது ஓட்டு. என் தெருவுல முன்னூறு.”

தமயந்தி சணலை இறுக்கி முடித்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

“இன்னிக்கு ஆத்துத் தண்ணி பாதி நேரந்தான் வந்துச்சுங்க. அரைத் தொட்டிதான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே விட்டுப் பாக்கட்டுங்களா?”

பதிலுக்குக் காத்திராமல் திருகுச் சாவியை எடுத்தாள். ஆறு வால்வையும் திறந்தாள். எல்லாவற்றுக்கும் ரெண்டே சுற்று, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்தாள்.

“எறங்கி வந்து மேட்டுக் குழாயில காதை வைங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். குனிந்தார்.

“என்னங்க கேக்குது?”

“உஸ்ஸுங்குது. வெறுங்காத்து.”

“வேலைக்கு வந்த முத வாரம் நானும் இப்படித்தானுங்க தொறந்தேன். மேட்டுத் தெரு அக்கா ஒண்ணு, பத்துக் குடத்த வரிசையா வெச்சுட்டு உச்சி வெயில் வரைக்கும் நின்னுச்சு. என்னைப் பாத்து ஒரு வார்த்தை திட்டலைங்க.” சாவியில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தாள். “திட்டியிருந்தாத் தேவலைங்க.”

தலைவர் நிமிர்ந்தார். “சரி. மொத்தத்தையும் பாலத்துக்கே வெக்கறேன்னு வை. உன் தெருச் சாக்கடையும் இல்லைன்னு ஆயிரும்.”

“ஆகுமுங்க. எங்க மாமியாரு ஒரு வாரம் சோறு போடாது.”

“என் தெருக்காரன் எந்திரிச்சு, எங்களுக்கு எங்கடான்னு சட்டையப் புடிப்பானே. அவனுக்கு என்ன பதில் சொல்ல?”

அவள் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.

“மேட்டு வால்வ முழுசாத் தொறங்க. மத்த அஞ்சையும் மூடுங்க.”

திறந்தார். நாலை மூடினார். ஐந்தாவது அவருடைய தெரு. கை நின்றுவிட்டது.

“இந்நேரம் எங்க வீட்டுல சரசு தண்ணி புடிச்சுட்டிருப்பா.”

“தெரியுமுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். மேட்டுக் குழாயில் உஸ் சத்தம் அடங்கியது. தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது.

உடனே போன் அடித்தது. அவர் மனைவிதான். அந்தக் குரல் குழிக்கு வெளியே நின்றாலும் கேட்டிருக்கும்.

“ஏனுங்க, அரைக் குடத்துல நின்னுபோச்சு! அந்தப் புள்ள தூங்கிட்டாளா, என்னன்னு கேளுங்க!”

மோட்டார் ரிப்பேர் என்று சொன்னால் முடிந்தது. அவர் வாய் அதற்குத்தான் திறந்தது. தமயந்தி முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“மூடினது நாந்தான் சரசு,” என்றார். “மேட்டுத் தெருவுக்கு விட்டிருக்கேன். நமக்கு ஒம்போது மணிக்கு.”

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததையெல்லாம் போனைக் காதுக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“வீட்டுக்குப் போனா மிச்சமும் இருக்குது,” என்றார்.

“இருக்குமுங்க.”

“நாளைக்குச் சபையிலயும், இந்த வருசம் பாலம், மத்ததெல்லாம் அடுத்த வருசம்னு இப்படியே சொல்லிரட்டுமா?”

“இப்படியே சொல்லுங்க. ஆனா ஒம்போது மணின்னு வாயால சொல்லிட்டீங்கல்ல, அந்த ஒம்போது மணிக்கு நீங்களே இந்தச் சாவியோட இங்க வந்து...”

“தமயந்தி! உன் பையன் எந்திரிச்சுட்டான், ஓடியா!” தொட்டிக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

அவள் சாவியை வாங்காமலே ஓடினாள்.