மூன்றாம் தண்ணீர்

வாசல் நிலையில் செருகிய வேப்பங்கொத்து காய்ந்து பழுப்பேறிவிட்டது. காற்றடித்தால் சருகு சலசலக்கும். காந்திமதி அதை எடுக்கவில்லை.

அம்மை கண்ட வீடு. பங்குனி பிறந்த நாலாம் நாள் மூத்தவள் உலகம்மைக்கு முத்துப் போட்டது. அவளுக்கு ஏழு வயது. மறுநாளே இளையவன் கொழுந்துக்கும் போட்டது. அவனுக்கு இரண்டரை.

அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்றவேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் அம்மன் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். கொத்தை எடுத்துவிடலாம். அதுவரை குழம்பு தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, வெளியாள் படியேறக்கூடாது. ஊசியைத் தொடவே கூடாது. வீட்டில் யார் ஊசி எடுத்தாலும் அது அம்மன் மேனியில்தான் குத்தும் என்பார்கள்.

கொழுந்துக்குத் தண்ணீர் ஊற்ற வேலை இல்லாமல் போயிற்று. ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். காந்திமதி தலையாட்டினாள். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

உலகம்மை பிழைத்துக்கொண்டாள். பொருக்கெல்லாம் உதிர்ந்து, இரண்டு தண்ணீரும் ஊற்றியாயிற்று. மூன்றாவது மட்டும் நின்றுபோயிற்று. சித்திரை பாதி வந்துவிட்டது. வாசல் இலவமரத்தில் காய்கள் வெடித்து முற்றமெல்லாம் பஞ்சாகப் பறந்தது.

"எப்பத்தான் ஊத்துவே?" என்று கேட்டான் அவள் புருஷன் ஆவுடையப்பன்.

"இன்னும் முத்து வருதுல்லா? நீங்களே பாருங்க."

வரத்தான் செய்தது. பிள்ளை கையில் தினமும் ஒன்றிரண்டு புதிதாகச் சிவந்து நின்றது.

"நாப்பது நாளா தாளிக்காத குழம்பு, ஏளா. கோயில் மாடுகூட மோந்து பாத்துட்டுப் போவுது."

"அப்ப நீங்க கோயில்ல போயி சாப்பிடுங்க."

ஒரு நாள் அவனே செம்பைத் தூக்கிவிட்டான். காந்திமதி குறுக்கே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க ஊத்துனா அம்மன் கிளம்பிருவா. கையில புடிச்சிருக்க நம்ம கொழுந்தையும் கூட்டிட்டுல்லா போவா?"

ஆவுடையப்பன் செம்பைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. அப்படியும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்கும் ஒரு பயம்.

உச்சிப்பொழுதில் காந்திமதி மகளை வேப்பிலைப் படுக்கையில் கிடத்திப் புதிய முத்துகளை ஒவ்வொன்றாகத் தேடுவாள். இலைக்கொத்தால் மெல்லத் தடவிக் கொடுப்பாள். அந்த ஒரு நாழிகைதான் அவள் கண் பிள்ளை மேல் இருக்கும். மற்ற நேரமெல்லாம் சுவரோடு சாய்ந்து கொழுந்தின் வெறும் தொட்டிலைப் பார்த்தபடி இருப்பாள். உலகம்மையின் முடி சடைபிடித்து முதுகில் கயிறாகக் கிடந்தது.

*

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் பேச்சியம்மாள் என்றொரு துறவி இருந்தாள். காந்திமதியைவிட நாலைந்து வயது இளையவள். ஆனாலும் ஆறு வருஷமாகக் காந்திமதி அவளுக்குச் சிஷ்யை. வெள்ளிதோறும் போய் மண்டபத்தைப் பெருக்கிவிட்டு ஏதாவது கேட்பாள். பேச்சியம்மாள் சில நாள் பதில் சொல்வாள், சில நாள் சொல்லமாட்டாள். பேருக்குத்தான் பேச்சி என்று ஊரில் கேலி உண்டு. சிஷ்யையை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஆவுடையப்பன் போய்ச் சொன்னான். மறுநாள் காலையில் பேச்சியம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

காந்திமதி எழுந்து வந்தாள். கும்பிட்டாள். நகராமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வரக்கூடாதும்மா. வேப்பிலை கட்டியிருக்கு."

"சரி அக்கா. வரல."

பேச்சியம்மாள் முந்தானையை எடுத்துக் காட்டினாள். முள்ளில் மாட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இதைத் தச்சுத் தா."

"ஊசி எடுக்கக்கூடாதும்மா."

"எது வரைக்கும்?"

"தண்ணி ஊத்துற வரைக்கும்."

"அப்ப இருக்கேன்."

போய் இலவமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பொழுது சாய்ந்ததும் எழுந்து ஆற்றங்கரைக்குப் போனாள். விடிந்ததும் அதே கிழிசலோடு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். உதிர்ந்த பஞ்சைப் பொறுக்கிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் கொண்டுபோய்க் கொடுத்த தாளிக்காத குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உலகம்மை பேச்சுக் கொடுத்தாள். காந்திமதி தொட்டிலுக்குக் கீழே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாமியாரா?"

"அப்படித்தான் சொல்லுதாங்க."

"வரம் குடுப்பீங்களா?"

"என்கிட்ட ஒண்ணும் இல்லியே."

"பின்ன என்னத்துக்கு எல்லாரும் கும்பிடுதாங்க?"

"எனக்கும் தெரியல. கேட்டா நிறுத்திருவாங்களோன்னு கேக்கல."

பிள்ளை சிரித்தாள். நாற்பது நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. காந்திமதிக்கு அது சுள்ளென்று பட்டது. இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருத்திக்குச் சிரிப்பு வருகிறதா?

"கொட்டையை நல்லா பாத்து எடுக்கணும்" என்றது பிள்ளைக் குரல். "இல்லேன்னா தலகாணி உறுத்தும். தம்பி எடுக்கவே மாட்டான். மூக்குக்குள்ள வச்சுக்குவான்."

"ம்."

"அவனுக்குப் புதுத் தலகாணி தச்சாங்க. ஒரே ஒரு நாள்தான் படுத்தான்."

காந்திமதி எழுந்தாள்.

"ஏட்டி, உள்ள வா."

பிள்ளை ஜன்னலை விட்டு விலகினாள். காந்திமதி வெளியே வந்தாள். அத்தனை நாளில் வாசற்படியைத் தாண்டி அவள் கால் வைத்தது அப்போதுதான். வெயிலில் கண் கூசியது. இலவமரத்தடியில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"அவ சொன்னது நெசம். நான்தான் தச்சேன்."

பேச்சியம்மாள் பஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"எட்டாம் நாளு. காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. எந்தத் துணியில தலை வச்சாலும் உறுத்துதுன்னு அழுதான். அம்மை வர்றதுக்கு முந்தியே ரெண்டு பிள்ளைகளும் நானுமா பஞ்சு அடைச்சு வச்ச தலகாணி ஒண்ணு இருந்துச்சு. வாயி மட்டும் தைக்கல. பஞ்சு பிதுங்கி அவன் மூக்குல ஏறுச்சு. நான் ஊசியை எடுத்தேன்."

"எத்தனை தையல்?"

"அஞ்சு."

"பிள்ளை தூங்கினானா?"

"தூங்கினான். விடியுற வரைக்கும் அழவே இல்ல. விடிஞ்சதும் மூச்சு இழுக்க ஆரம்பிச்சுட்டு."

ஆவுடையப்பன் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நின்றிருந்தான். அவனுக்கு இது புதுச் செய்தி. கையிலிருந்த புல்லை அவன் கீழே போடவும் இல்லை, மாட்டுக்கு வைக்கவும் இல்லை.

"யாருகிட்டயும் சொல்லலம்மா. இவுககிட்டயும் சொல்லல. நீங்க சொல்லுங்க. என் ஊசியா அவனைக் கொண்டுபோச்சு?"

பேச்சியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அந்த ஊசியைக் கொண்டு வா, அக்கா."

"அதை எதுக்கு..."

"கொண்டு வா."

மரப்பெட்டிக்குப் பின்னால் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தாள், தலையணையோடு ஊசியைக் குத்தி. காந்திமதி போய்ப் பெட்டியை நகர்த்தினாள். சுற்றை அவிழ்த்தாள். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுத் தலையணை. ஐந்து தையலும் அப்படியே இருந்தன. ஒரு முனையில் நூல் தொங்கியது. ஊசி இல்லை.

தரையைத் தடவிப் பார்த்தாள். பெட்டிக்கு அடியில் பார்த்தாள். வீடு முழுக்கத் தேடினாள். உலகம்மை ஒரு மூலையில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காந்திமதி அவள் பாயைச் சுருட்டினாள். அடியில் பழைய சேலைக் கிழிசல் ஒன்று சுண்டுவிரல் பருமனுக்குச் சுருட்டிக் கிடந்தது. பிரித்தாள். ஊசி.

"ஏட்டி. இது எப்படி இங்க வந்துச்சு?"

பிள்ளை இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

காந்திமதி ஊசியைக் கையில் எடுத்தாள். இத்தனை நாளும் இந்தப் பாவி ஊசி மேலேதானா பிள்ளை படுத்திருந்தாள்? வெளியே ஓடினாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களாம்மா? நான் ஒளிச்சு வச்சது இவ பாய்க்கு அடியில வந்து கெடக்கு. அவனை எடுத்தது போதாதுன்னு இவளையும் கேக்குது. அதான் தினமும் முத்து வருது. அம்மன் போகவே இல்லம்மா. நான்தான் சொன்னேன்லா. நான்தான் சொன்னேன்லா."

பேச்சியம்மாள் ஊசியை வாங்கினாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முனையில் செம்பழுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். துருவாக இருந்தால் போயிருக்காது. இது போயிற்று.

"உலகு" என்றாள். "கொஞ்சம் வாறியா?"

பிள்ளை படியில் வந்து நின்றாள். வெளிச்சத்தில் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சடைமுடி, வெளுத்த உதடு, எண்ணெய் காணாத தோல்.

"எங்க முத்து வந்திருக்கு, அக்கா?"

காந்திமதி மகளின் இடது கையைப் பிடித்து நீட்டினாள். முன்கையில் சிவந்த புள்ளிகள்.

"இது முந்தாநாள். இது ரெண்டும் நேத்து. இந்தா, இது இன்னைக்குக் காலையில வந்தது."

"வலது கையில?"

காந்திமதி பார்த்தாள். "இல்ல."

"கால்ல?"

பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். இடது தொடையில் மூன்று.

"முதுகுல?"

பிள்ளையைத் திருப்பினாள். சடையை ஒதுக்கினாள். பழைய அம்மைத் தழும்புகள் வெளிறி ஆறிக் கிடந்தன. புதிதாக ஒன்றுகூட இல்லை. காந்திமதி அந்தச் சின்ன முதுகைக் கையால் தடவினாள். கழுத்து முதல் இடுப்பு வரை தடவினாள். மறுபடியும் மேலே போய்த் தடவினாள்.

"ஏன் இங்க ஒண்ணும் இல்ல?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற உலகம்மை திரும்பாமலே சொன்னாள்.

"முத்து இருந்தாத்தான நீ பக்கத்துல வந்து உக்காருதே."

தொழுவத்தில் மாடு கழுத்துமணியை ஆட்டியது. ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காந்திமதி அழவில்லை. மகளின் முதுகிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. ஆறு வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் எழாத ஒரு குரலில் கேட்டாள்.

"அப்போ அவன்? அவனை என் ஊசி..."

பேச்சியம்மாள் ஊசியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"அவனைப் பத்தி எனக்குத் தெரியாது, அக்கா. இவ முதுகுக்கு இவ கை எட்டல. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."