காற்று போகும் பக்கம்

"பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கணும்னு எனக்குச் சொல்லிக்குடுங்க" என்று கேட்டார் வேல்மயில்.

பெல்சியா மிஸ் பாய்மரப் பலகையின் ஈரப் பாயை மணலில் விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்களுக்கு விண்ட் சர்ஃபிங் தெரியுமா சார்?"

வேல்மயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடற்படையில் இருந்த காலமெல்லாம் பலகையில் பாய் ஏற்றிப் பந்தயம் ஓட்டியவர் அவர். வீட்டில் ஒரு சுவர் முழுக்க மெடல் தொங்குகிறது.

"நல்லாத் தெரியும் மேடம்."

"அடடா. அப்பக் கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார் மிஸ்.

நான் பக்கத்தில்தான் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தேன். என் மகள் ரிஸ்வானா அங்கேதான் கற்றுக்கொள்கிறாள். ஆறு வயது. தூத்துக்குடிக்கு வடக்கே, வெகுதூரம் போனாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாத ஒரு வளைகுடாவில், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பெல்சியா மிஸ் சொல்லிக்கொடுக்கிறார். முப்பது வயதுகூட ஆகாத பெண். வேல்மயில் அண்ணனுக்கோ தலை பாதி நரைத்துவிட்டது.

அண்ணனைக் கொஞ்சம் கிண்டல் பண்ணித்தான் சொல்லப்போகிறேன். பண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அவர்மேல் எனக்கு இருக்கும் நன்றி கொஞ்சநஞ்சமில்லை.

"யாருக்குச் சொல்லிக்குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார் மிஸ்.

"எம்மவளுக்கு. கோமதி. எட்டு வயசு."

"இங்க கூட்டிட்டு வாங்களேன்."

"வரமாட்டா."

அண்ணன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்.

போன கோடையில் ஒருநாள். கரையிலிருந்து கடலுக்குக் காற்று. அந்தக் காற்றில் தண்ணீர் அலையில்லாமல் தட்டையாக இருக்கும், பிள்ளை பழக வசதி என்று கோமதியைப் பலகையில் ஏற்றிவிட்டிருக்கிறார். இவர் கரையில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அவள் எதையும் செய்யவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு விறைத்து நின்றாள். விழுந்தாள். பாயைத் தூக்கு, தூக்கு என்று இவர் கத்த, அவள் பலகைமேல் படுத்தே கிடந்தாள். அடம்பிடிக்கிறாள், தானே எழுவாள் என்று இவர் கரையிலேயே நின்றிருக்கிறார். பலகை கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு மீன்பிடி வள்ளம்தான் அவளைக் கொண்டுவந்து விட்டது.

"அதுக்கப்புறம் கடல் பக்கமே வரல மேடம். எங்கிட்டப் பேச்சும் கொறஞ்சுபோச்சு. என்ன கேட்டாலும் 'சரிப்பா'ங்கா. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது."

குனிந்து பாயின் ஒரு முனையை இழுத்து விரித்துவிட்டார்.

"மெடலும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். எம்பிள்ள ஒரே ஒரு தடவ எங்கூடத் திரும்பத் தண்ணில இறங்கணும். அவ்வளவுதான்."

மிஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"பலக உள்ள போகும்போது அவ என்ன சொன்னா?"

"முட்டிய மடக்கு, கயித்தப் பிடிச்சு இழுன்னு நான்..."

"நீங்க சொன்னதக் கேக்கல சார். அவ என்ன சொன்னா?"

அண்ணன் யோசித்தார்.

"ஒண்ணுமே சொல்லலையே."

"அப்படியா" என்றார் மிஸ். "நாளைக்குக் காலையில வாங்க."

மறுநாள் காலை கரையிலிருந்து நல்ல காற்று. பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பலகையோடு இறங்கினார்கள். மிஸ் அவர்களைத் தாண்டி நடந்துபோய், கடல் பக்கம் தண்ணீருக்குள் நின்றுகொண்டார்.

அண்ணன் கரை பக்கம் நின்றார். நின்றவர் ஆரம்பித்தார் பாருங்கள்!

"முட்டிய மடக்கு! கைய நீட்டு! கீழ பாக்காத! தம்பி, ஒன்னத்தான்!"

அம்மாடி, அது குரலா, கப்பல் ஹாரனா? காற்று அப்படியே அள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளைகள் காதில் கொட்டியது. பொத்துப் பொத்தென்று ஒவ்வொன்றாக விழுந்தது. ரிஸ்வானா தூக்கிவாரிப்போட்டு மல்லாக்க விழுந்தாள்.

மிஸ் அந்தப் பக்கம் வாயே திறக்கவில்லை. எப்போதாவது நடந்துபோய் ஒரு பலகையின் பின்பக்கத்தைப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவார். விழுந்த பிள்ளை தானாக மிதந்து அவரிடம் வந்து சேரும். ஏற்றிவிடுவார்.

வகுப்பு முடிந்ததும் அண்ணன் நேரே மிஸ்ஸிடம் போனார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க நிக்கிற இடம் சரியில்ல."

"ஏன் சார்?"

"காத்து கரையிலேருந்து கடலுக்குப் போகுது. நீங்க கடல் பக்கம் நிக்கீங்க. எவ்வளவு கத்தினாலும் பிள்ளைகளுக்குக் கேக்காது. நான் நின்ன பக்கம் நின்னு பாருங்க, சொல்லுதது ஒவ்வொண்ணும் போய்ச் சேரும்."

"ஆமா சார். போய்ச் சேந்துச்சு, பாத்தேன். எல்லாம் விழுந்துச்சு."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அண்ணன் முகம் கறுத்துப்போனது. இனி இந்த மனிதர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். அங்கேதான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பெற்ற பிள்ளைக்காக ஒரு மனிதர் ரோஷத்தை விழுங்குவது சின்ன விஷயமா?

"இன்னிக்கு மெதுவாச் சொல்லுதேன் மேடம்" என்றார்.

மிஸ் ஒரு டப்பாவைத் திறந்தார். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பனங்கற்கண்டை எடுத்தார்.

"வாயத் திறங்க சார்."

கடற்படைக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். மிஸ் அதை உள்ளே போட்டார்.

"கடிக்கக் கூடாது. அது தானாக் கரையுற வரைக்கும் பேசவும் கூடாது. இன்னிக்கு என் இடத்துல நீங்க நிக்கணும்."

என்ன செய்யவேண்டும் என்று அண்ணன் கையால் கேட்டார்.

"ஒண்ணுமே செய்யாதீங்க."

ஒரு கன்னம் புடைத்திருக்க, அண்ணன் கடல் பக்கம் போய் நின்றார். மிஸ் கொஞ்சம் தள்ளி நின்றார். கரையிலிருந்து எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கே நடந்ததை அண்ணனே பிறகு சொன்னார்.

முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டதாம். அப்புறம் பிள்ளைகளின் குரல் ஒவ்வொன்றாக வந்ததாம்.

ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் பலகையைக் கொஞ்சிக்கொண்டிருந்தான். "தங்கம்ல, ஆடாம நில்லு, ஒனக்கு முறுக்கு தாரேன்." ஒருத்தி, வீட்டில் இருக்கும் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முணுமுணுப்புத்தான். காற்று அத்தனையையும் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கொண்டுவந்து கொடுத்தது.

இத்தனை வருஷம் கடலில் கிடந்தும், பலகைமேல் நிற்கும் ஒரு பிள்ளை என்ன பேசும் என்று அவர் கேட்டதே இல்லையாம்.

அப்போது ரிஸ்வானா பாயைத் தூக்கினாள்.

கரையிலிருந்து எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. விறைப்பாக நின்றாள். முட்டியை மடக்குகிறாளா பார், பிடிவாதம், அப்படியே அவளைப் பெற்ற அத்தாவின் பிடிவாதம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அங்கே அவருக்குக் கேட்டது இது.

"யாராச்சும் பிடிங்களேன். பிடிங்களேன்."

கத்தவில்லையாம். வீட்டில் தண்ணீர் கேட்கிற குரல்தானாம்.

அண்ணன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்தார். ரிஸ்வானா திரும்பவில்லை.

"கேட்டுச்சா அங்கிள்?"

வாயைத் திறக்க முடியாதே. "ம்" என்றார்.

"சரி. இப்ப விடுங்க."

விட்டார். அவள் போனாள். அன்றைக்குத்தான் என் மகள் முதல்முதலாக விழாமல் போனாள்.

நான் அவளைப் பெற்றவள். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு மனிதருக்கு அவள் பயந்தது கேட்டது, போய்ப் பிடித்தார். அந்தக் கைக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள்.

வகுப்பு முடிந்தது. பிள்ளைகள் எல்லாம் கரையேறியாயிற்று. அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கற்கண்டு எப்போதோ கரைந்திருக்கும். மிஸ் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மிஸ்" என்றார் அண்ணன். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"சொல்லுங்க சார்."

"அன்னிக்கு நான் காத்து வர்ற பக்கம் நின்னேன்."

"ம்."

"நான் சொன்னதெல்லாம் கோமதிக்குப் போயிருக்கு. அவ சொன்னது ஒண்ணுகூட எனக்கு வந்திருக்காது."

மிஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கூப்பிட்டிருப்பாளோ மிஸ்?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் அங்க இல்லையே."

அண்ணன் ஈரத் துணியோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். செருப்பு மணலிலேயே கிடந்தது.

வீட்டில் கோமதி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாளாம். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கோமு, அன்னிக்குக் கடல்ல என்னயக் கூப்பிட்டியாம்மா?"

பென்சில் நின்றது.

"ம்."

"ரொம்ப நேரமாவா?"

"வள்ளம் வர்ற வரைக்கும்."

"எனக்குக் கேக்கலம்மா."

அவள் எழுந்து உட்கார்ந்து அப்பா முகத்தையே பார்த்தாள்.

"நெசமாவே கேக்கலயா?"

"சத்தியமாக் கேக்கல. காத்து ஒங்குரலக் கடலுக்குக் கொண்டுபோயிருச்சு. அப்பா நின்ன இடம் தப்பும்மா."

கோமதி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நான், கேட்டும் நீங்க வரலன்னு நினைச்சேன்" என்றாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அண்ணன் அழுதார். நானும் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிஸ் முன்னால் நின்று கும்பிட்டார்.

"எப்படி நன்றி சொல்லன்னு தெரியல மிஸ்."

"எனக்கு எதுக்கு சார்? அந்தா நிக்கா பாருங்க, அவகிட்டச் சொல்லுங்க."

மிஸ் கை காட்டியது ரிஸ்வானாவை. அத்தனை பெரிய மனிதர், மணலில் முட்டி போட்டு, என் மகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிம்மா."

வாய் நிறைய பிஸ்கெட்டோடு ரிஸ்வானா சொன்னாள். "பரவால்ல அங்கிள். இன்னிக்கும் பிடிங்க."

கோமதி தண்ணீர் ஓரத்தில் நின்றாள். அலை வந்து காலை நனைத்தால் பின்னால் போனாள். திரும்ப வந்து நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"நீங்க எங்கப்பா நிப்பீங்க?"

அண்ணன் பதில் சொல்லாமல் தண்ணீருக்குள் நடந்தார். பலகைகளைத் தாண்டினார். கடல் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார்.

கோமதியும் இறங்கிவிட்டாள்.

இதற்கு மேல் கரையில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பலகையில் இருந்த ரிஸ்வானா வந்து சொன்னதுதான்.

கோமதி ஏறி நின்றாள். கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கினாள். காற்று பாயில் ஏறியது. பலகை நகர்ந்தது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனாள். அப்புறம் பாய் ஒருபக்கம் சாய, இவள் இன்னொரு பக்கம் விழுந்தாள்.

ஏன் விழுந்தாள் என்று வேல்மயில் அண்ணனுக்குத் தெரியாதா? அவர் உதடு துடித்ததை ரிஸ்வானா பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லையாம்.

பலகையும் அதைப் பிடித்துக்கொண்டு கோமதியும் காற்றோடு மெல்ல மிதந்து வந்தார்கள். அண்ணன் கையை நீட்டினார். பலகை அவர் வயிற்றில் வந்து முட்டி நின்றது.

கோமதி கண்ணில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இங்கனயேதான் நின்னீங்களாப்பா?"

"ஆமாம்மா."

"அப்பப் பலகையத் திருப்பி விடுங்க" என்றாள் கோமதி. "இன்னொரு தடவ விழுதேன்."