விளாங்காயைத் தூக்கி ஓடிய துள்ளன்

தாமரைக்குளத்துக் காட்டில் மழை ஓய்ந்தால் போதும், விளாங்காய்ப் பந்தாட்டம் களைகட்டிவிடும். விளாங்காயைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவிடாமல் அவர்கள் பிடித்து உருட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் ஆட்டம்! பருவம் முழுக்க எட்டு ஆட்டங்கள். அதிகம் ஜெயிக்கும் அணிக்குக் கோடை முழுவதும் குளக்கரை நிழல் சொந்தம். மற்றவர்கள் பாறைமேல் வெயிலில் வறுபட வேண்டியதுதான்.

கீழ்க்காட்டு அணிக்காகக் காயைத் தூக்கி ஓடியவன் துள்ளன் என்ற முயல். அவனுக்கு முன்னால் மூன்று காட்டுப்பன்றிகள் எதிராளிகளை முட்டித் தள்ளிக்கொண்டே போவார்கள். மூத்தவன் பெயர் கட்டையன். பன்றிகள் திறந்துவிட்ட சந்தில் புகுந்து துள்ளன் பறப்பான்.

முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி! மான்கள் மண்ணைக் கவ்வின. நரிகள் நாக்கைத் தொங்கப்போட்டன. குரங்குகள் கிளைகளில் குட்டிக்கரணம் போட்டு, "துள்ளன்! துள்ளன்!" என்று கத்தின. யாரோ அவன் காதுகளில் கொன்றைப்பூ மாலையைச் சுற்றிவிட்டார்கள். துள்ளனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கட்டையண்ணே, நீங்க மூணு பேரும் புழுதியைக் கிளப்பி என் அழகை மறைக்கிறீங்க! கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன்!" என்றான்.

கட்டையன் மூக்கை உறிஞ்சினான். "ஓரமாவா? நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்! ஓடுறது நான்தானே?"

"சரி தம்பி. உன் இஷ்டம்."

ஆறாவது ஆட்டத்தில் பன்றிகள் ஓரமாக நின்று கோரைக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். துள்ளன் நான்கு தாவல்தான் தாவினான். ஐந்தாவது தாவலில் ஒரு காட்டெருமை அவன்மேல் உட்கார்ந்துகொண்டது! ஏழாவது ஆட்டத்தில் முள்ளம்பன்றிகள் கட்டிப்பிடித்தன. அந்த வேதனையைச் சொல்லாமல் விடுவதே நல்லது.

கடைசி ஆட்டம் கரடிக்குன்று அணியோடு. அவர்களுக்கும் ஐந்து வெற்றி. இதில் ஜெயிப்பவர்களுக்கே நிழல்!

உடம்பெல்லாம் முள் குத்திய காயத்தோடு துள்ளன் பன்றிகளின் சேற்றுக்குழிக்கு நொண்டிக்கொண்டே போனான். கரையில் நின்று தொண்டையைச் செருமினான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "நான் முட்டாள் அண்ணே!" என்று கத்தினான்.

சேற்றிலிருந்து மூன்று தலைகள் எழுந்தன. "இன்னொரு தடவை சொல்லு, காதுக்குள்ள சேறு!" என்றான் கட்டையன்.

"நான் முட்டாள்! வடிகட்டின முட்டாள்!"

பன்றிகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். துள்ளனையும் சேற்றுக்குள் இழுத்துப் போட்டார்கள்.

கடைசி ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது. இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தான் பாக்கி. பன்றிகள் முட்டினார்கள். துள்ளன் பாய்ந்தான். ஆனால் கரடித் தலைவனே வழியை அடைத்து நின்றான்! பக்கத்தில் மூச்சிரைக்க ஓடிவந்த கட்டையனைப் பார்த்தான்.

"அண்ணே, பிடி!"

விளாங்காய் பறந்தது. கட்டையன் அதை வாயில் கவ்வினான். துள்ளனோ கரடியின் கால்களுக்கு நடுவே புகுந்து, ஒரு காலை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கரடி தடுமாறிக் குப்புற விழுந்தது! கட்டையன் கோட்டைத் தாண்டினான். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கோட்டைத் தாண்டியிராத அவனுக்கு எங்கே நிற்பதென்றே தெரியவில்லை. ஓடினான், ஓடினான், தாமரைக்குளத்துக்குள்ளேயே தொபுக்கென்று விழுந்தான்!

"கட்டையன்! கட்டையன்!" காடே அதிர்ந்தது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது கரடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த துள்ளன்தான்.

வெற்றி ஒருவன் கையில் தெரிந்தாலும், அதற்கு வழி திறந்துவிட்டவர்களை மறப்பவன் நெடுந்தூரம் ஓட முடியாது.