கேட்டுக்கொண்டிருந்தவர்

"அம்மா, இந்த பூமியை விட்டா வேற எங்கயாவது உயிர் இருக்கா, இல்லையா?"

மலையேறி வந்த மூச்சு கோதண்டபாணிக்கு இன்னும் அடங்கவில்லை. கையிலிருந்த பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

தையல்நாயகி அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். மலைச்சரிவில் நாலு குடிசை, ஒரு சுனை. அதுதான் அவருடைய ஆசிரமம்.

"தெரியாதுங்க ஐயா" என்றார்.

மழை வந்துவிட்டது என்று சொல்பவரைப் போல அத்தனை மகிழ்ச்சியாகச் சொன்னார்.

கோதண்டபாணி திகைத்துப்போனார். இதே கேள்வியோடு அவர் ஏறாத படி இல்லை. ஈரேழு பதினாலு உலகத்திலும் உயிர் உண்டு என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மனிதப் பிறவி இங்கே மட்டும்தான், வேறெங்கும் கிடையாது என்று இன்னொருவர் கையை விரித்தார். தெரியாது என்று எவரும் சொன்னதில்லை. அதுவும் சிரித்த முகத்தோடு.

பெட்டியைக் கீழே வைத்தார். அங்கேயே தங்கிவிட்டார்.

*

அவர் வேலை பார்த்தது வானத்துக்குக் காது கொடுக்கும் ஒரு நிலையத்தில். பொட்டல் நடுவே அண்ணாந்து கிடக்கும் ஒரு பெரிய ஆன்டெனா. வேற்று உலகத்தில் யாராவது பேசினால் அது அதில் விழ வேண்டும்.

கல்யாணத்துக்கு முன்னால் காதில் ஹெட்போனை மாட்டினார். தலை நரைத்த பிறகு கழற்றினார். இடையில் ஒரு சொல்கூட வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

ஒருநாள் சுனையில் குடத்தை அமிழ்த்திக்கொண்டே சொன்னார்: "மேல யாருமே இல்லேன்னா, நான் வாழ்ந்தது வீண்தானேம்மா?"

"கேட்டுக்கிட்டு இருந்தப்போ எப்படி இருந்துச்சு?"

அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. குடம் நிரம்பி வழிந்தது.

"நல்லா இருந்துச்சு. கடல் இரைச்சல் மாதிரி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். இப்ப ஒரு குரல் வந்துரும், இப்ப வந்துரும்னு இருக்கும். சாப்பாடே மறந்துபோகும்."

"அப்புறம் என்ன?"

"அது போதாதும்மா."

அம்மாள் தலையாட்டினார்.

*

மழைக்காலம் போனது. கோதண்டபாணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலையில் பெட்டியோடு வந்து நின்றார்.

அம்மாள் பாறை விளிம்பில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"கிளம்பறேம்மா. கேள்வி அப்படியேதான் இருக்கு."

"எடுத்துக்கிட்டே போங்க. கனமா இருந்தா வெச்சுட்டுப் போங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் அம்மாள். "நீங்க அவங்களைக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"யாரை?"

"மேல இருக்கறவங்களை."

"இல்லம்மா. கேக்கறது மட்டும்தான் எங்க வேலை. கூப்பிட அனுமதி கிடையாது. எவன் எப்படிப்பட்டவனோ, நாமளா போய் இருக்கற இடத்தைக் காட்டிக் குடுக்கணுமான்னு பயம்."

"அவங்களும் இதே மாதிரி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தா?"

கோதண்டபாணிக்குச் சுருக்கென்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். ஆழமான பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் அடர்ந்த காட்டோடு எதிர்மலை. நடுவில் இறங்க வழியில்லை.

"அதோ அந்த மலை" என்றார் கொஞ்சம் சூடாக. "இத்தனை வருஷமா அதுக்கு எதிர்லயே உக்காந்திருக்கீங்க. அங்க ஆள் இருக்கா?"

"தெரியாதே."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

அம்மாளின் கை மொச்சையோடு அப்படியே நின்றது. முகம் சிவந்துவிட்டது.

"இல்லையே! எனக்குத் தோணவே இல்லையே ஐயா!"

மடியை உதறிவிட்டு எழுந்தார்.

"வாங்க."

"நானா? இந்த வயசுல வெறும் மலையைப் பாத்துக் கத்தறதா?"

"நானும்தானே கத்தப்போறேன்."

இருவரும் விளிம்பில் நின்றார்கள். முதல் தடவை கோதண்டபாணிக்குக் குரலே எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டாவது தடவை பாதி வந்தது. அதன்பிறகு எங்கிருந்தோ ஒரு குரல் அவருக்குள்ளிருந்து புறப்பட்டது.

"ஓஓஓய்!"

*ஓஓய்*, என்றது எதிர்மலை.

"நம்ம குரல்தாம்மா" என்றார்.

"ஆமா, நம்ம குரல்தான்" என்று ஒப்புக்கொண்டு, அம்மாள் மறுபடி மொச்சை உரிக்க உட்கார்ந்தார்.

கோதண்டபாணி கிளம்பியிருக்கலாம். அடிவாரத்தில் பஸ் வரும் நேரம்தான். ஆனால் கத்தியதில் நெஞ்சு லேசாகியிருந்தது. அவரும் உட்கார்ந்து ஒரு பிடி மொச்சையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் உரித்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. அடுப்பு பற்றவைக்கவில்லை என்பது இருவருக்குமே நினைவில்லை.

காற்று திசை மாறியது.

"ஓஓஓஓய்!"

பெண் குரல். மேடேறி ஓடி வந்த குரல்போல இரைத்தது. பின்னாலேயே ஒரு நாய் குரைத்தது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"ஆரு அங்கேஏஏ? ஆளு இருக்கீங்களாஆஆ?"

கோதண்டபாணி எழுந்த வேகத்தில் மொச்சையெல்லாம் பாறையில் சிதறியது. முதல் செய்தி இப்படித்தான் வரும் என்று எத்தனையோ விதமாக அவர் நினைத்து வைத்திருந்தார். எண்கள் வரும், கணக்கு வரும், ஒரு தாளம்போல ஏதாவது வரும் என்று.

பள்ளத்தாக்கைத் தாண்டி அந்தக் குரல் மறுபடி வந்தது.

"சாப்ட்டாச்சாஆஆ?"

அவர் அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறாங்க" என்றார் அம்மாள். அவர் கண் கலங்கியிருந்தது.

கோதண்டபாணி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"இன்னும் இல்லைஐஐ!"